எண்ணித் துணிந்தவர் ரஹீம் சாகிப்

வீரர் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் வாளேந்திய மன்னர்களும் சிறைக்கோட்டம் கண்ட தலைவர்களுமே ஆவர். பந்தாட்ட மைதானத்தின் ஓரத்தில் நின்று, பதினொரு இளைஞர்கள் ஓடுவதைக் கண்ணிமையாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியரை வீரர் என்று நான் அழைத்தால் நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஸையத் அப்துல் ரஹீம் என்ற அந்த ஆசிரியரின் வரலாற்றைப் படித்து முடித்த பின் அவர்களே என் பக்கம் வந்துவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. ஹைதராபாத் நகரத்தார் அவரை அன்போடு ரஹீம் சாகிப் என்றே அழைத்தனர். நானும் அவ்வாறே அழைக்கிறேன்.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஓர் உரிமையும் உண்டு. நான் அல்வாலில் வளர்ந்தவன். செகந்தராபாத்திலிருந்து பொல்லாரம் செல்லும் ரயில் பாதையில் அம்முகுடா, கேவல்ரி பாரக்ஸ், அல்வால் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும். சென்னைப் பட்டாளத்தோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பகுதிகளில் வேரூன்றியிருக்கின்றன. பட்டாளம் இருந்த இடத்தில் மைதானம் இருந்தது. மைதானம் இருந்த இடத்தில் பந்து இருந்தது. அந்த அம்முகுடாவில்தான் துளசிதாஸ் பலராம் 1936 ஆம் ஆண்டு ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு ஓராண்டு மூத்தவரான பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்த தமிழரே. இந்தியா கண்ட முன்னணி ஆட்டக்காரர்களிலும் கோல் காவலர்களிலும் தலைசிறந்தோர் வரிசையில் வைத்து எண்ணப்படும் இவ்விருவரும் ரஹீம் சாகிப்பின் பயிற்சியில் இந்தியாவுக்காக ஆடியவர்கள். ஆகவே ரஹீம் சாகிப்பின் கதை ஒரு வகையில் நம் வீட்டுக் கதையும் ஆகும்.

வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சிறு விலகல். அமெரிக்கர்கள் ஆடும் காற்பந்தை நண்பர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் காற்பந்து; பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம் அது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்கினுள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரியின் கைக்குப் போய்விடும். மூன்று முயற்சிகளும் போய், இன்னும் இரண்டு கஜம் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் முன்னே இரண்டு வழிகள். பந்தைத் தொலைவில் உதைத்துவிட்டால் எதிரி நெடுந்தூரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், ஆபத்துக் குறைவு. துணிந்து அந்த இரண்டு கஜத்துக்கு மோதிப் பார்த்தால் வெற்றியும் கிட்டலாம், பந்தும் பறிபோகலாம். உதைத்துவிடுவதா, துணிந்து போவதா? இந்தக் கேள்வியை டேவிட் ரோமர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் கணக்கிட்டுப் பார்த்து 2006 ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். துணிந்து போக வேண்டிய இடங்கள் பலவற்றில் பயிற்சியாளர்கள் பந்தை உதைத்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. காரணத்தை நாமே ஊகிக்கலாம். உதைத்துவிட்டுத் தோற்றவனை யாரும் குறை கூறுவதில்லை. துணிந்து தோற்றவனை ஊரே தூற்றும். ஆகவே பழிக்கு அஞ்சுபவன் உதைத்துவிடுகிறான்.

நம் வள்ளுவப் பெருந்தகை இந்தக் கேள்வியை அன்றே ஆராய்ந்து நான்கு அதிகாரங்களாக வகுத்துவிட்டார். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அவை வரிசையாக நிற்பதைக் குறளை விரித்துப் பார்க்கும் எவரும் காணலாம். நம் வலிமை எவ்வளவு, எதிரியின் வலிமை எவ்வளவு. நேரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது. களத்தில் நாம் நிற்கும் இடம் எது. இம்மூன்றையும் எடை போட்ட பின்தான் துணிவு. ரஹீம் சாகிப்பின் வாழ்க்கை இந்த நான்கு அதிகாரங்களுக்கும் எழுதப்பட்ட ஓர் உரை போல எனக்குத் தோன்றுகிறது.

பிறப்பும் ஆசிரியப் பணியும்

ரஹீம் சாகிப் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே பல்கலைக்கழக அணியில் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார். பட்டம் பெற்ற பின் அவர் தேர்ந்த தொழில் ஆசிரியத் தொழில். காச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களின் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்று, பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1940 களில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். அந்தப் பொறுப்பு அவர் கண்மூடும் வரை அவரிடமே இருந்தது.

அவர் அடிப்படையில் ஆசிரியர் என்பதை நாம் மறத்தலாகாது. ஆட்டக்காரனுக்குத் தெரிந்ததைப் பாராட்டி நிறுத்திக்கொள்வது ரசிகனின் வேலை. அவனுக்குத் தெரியாதது எது என்று கண்டுபிடித்து, அதைப் பழக்குவது ஆசிரியனின் வேலை. ரஹீம் சாகிப் இரண்டாவது வேலையைச் செய்தார். அக்காலத்தில் நம் நாட்டுச் சிறுவர்கள் வலது காலால் மட்டுமே பந்தை உதைக்கப் பழகியிருந்தனர். இடது கால் ஓடுவதற்கு மட்டும். இதைப் போக்குவதற்கு அவர் ஒரு விந்தையான வழி கண்டார். பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்ற விதியோடு சிறுவர்களுக்குப் பந்தயங்கள் நடத்தினார். முதல் நாள் மைதானமே சிரிப்பில் ஆழ்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து இரு காலும் பழகிய ஓர் இளைஞர் கூட்டம் அவருக்குக் கிடைத்தது.

பந்தை வீணே கொடாதே

1950 ஆம் ஆண்டு ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சி அவரிடம் வந்தது. அதன் பின் நடந்ததை இன்று நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. 1950 இலும் 1954 இலும் டூரண்ட் கோப்பையும் அதன் வசமாயிற்று. கல்கத்தாவே கால்பந்தின் தலைநகரம் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், தக்காணத்திலிருந்து வந்த போலீஸ்காரர்கள் அந்த எண்ணத்தைக் கலைத்தார்கள்.

இந்த வெற்றிகளின் இரகசியம் என்ன? அக்கால ஆட்டத்தில் இரண்டு பழக்கங்கள் வேரூன்றியிருந்தன. ஒன்று, பந்து கிடைத்தவன் அதை விடாமல் தானே இழுத்துச் சென்று நாலு பேரை ஏமாற்றிக் கைதட்டல் வாங்குவது. மற்றொன்று, நெருக்கடி வந்தால் பந்தை வானளாவ உதைத்துத் தொலைப்பது. முதலாவது தற்பெருமை, இரண்டாவது அச்சம். இரண்டின் முடிவும் ஒன்றே. பந்து எதிரியிடம் போய்ச் சேரும். ரஹீம் சாகிப் இவ்விரண்டையும் எதிர்த்தார். பந்து காலில் பட்டவுடன் தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும், தள்ளியவுடன் வெற்றிடம் தேடி ஓட வேண்டும் என்று பழக்கினார். பந்தை இழுத்துச் செல்வதே கூடாது என்ற விதியோடும் அவர் சிறுவர் பந்தயங்கள் நடத்தியதுண்டு.

அமெரிக்க ஆட்டத்தின் கேள்வியை இங்கே பொருத்திப் பாருங்கள். பந்தை உதைத்துத் தொலைப்பது பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு என்று ரஹீம் சாகிப் கண்டார். எதிரியிடம் கொடுத்த பந்து மறுபடியும் நம் கோலை நோக்கித்தான் வரும். ஆனால் பந்தை வைத்திருக்க வேண்டுமென்றால் அதற்கான திறமை வேண்டும். திறமையைப் பழக்காமல் துணிவை மட்டும் உபதேசித்தால் அது படுகுழியில் தள்ளுவதாகும். ஆகவேதான் அவர் முதலில் காலைப் பழக்கினார். பிறகே துணியச் சொன்னார். வலியறிதல் என்பது இதுவே.

ஹெல்சிங்கியின் பாடம்

1951 ஆம் ஆண்டு புது தில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. ரஹீம் சாகிப்பின் பயிற்சியில், ஸைலன் மன்னாவின் தலைமையில் ஆடிய இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1–0 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் மேவாலால். நாடே மகிழ்ந்தது.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் நம் அணி 10–1 என்று தோற்றது. நம்மவர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினர். வட ஐரோப்பாவின் குளிர் காலை விறைக்கச் செய்தது. பின்னணியில் இருவரை மட்டும் நிறுத்தும் பழைய அமைப்பை வேகமான எதிரிகள் எளிதில் கிழித்தெறிந்தனர்.

பத்து கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளர் என்ன செய்வார்? குளிரைக் குறை கூறலாம்; மைதானத்தைக் குறை கூறலாம்; பேசாமல் பதவியைத் துறந்து வீட்டுக்குப் போகலாம். இவையெல்லாம் பந்தை உதைத்துத் தொலைக்கும் வழிகளே. ரஹீம் சாகிப் தங்கி, தாம் கட்டிய வீட்டைத் தாமே இடித்துக் கட்டத் தொடங்கினார். அகில இந்தியச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. பின்னணிக் காவல் திருத்தப்பட்டது. ஹங்கேரி அணி 1953 இல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6–3 என்று வீழ்த்தி உலகைத் திடுக்கிடச் செய்த போது, ஆட்டத்தின் இலக்கணமே மாறிவிட்டது என்று அறிந்துகொண்ட இந்தியர் மிகச் சிலர். அவர்களுள் ரஹீம் சாகிப் ஒருவர். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் புகழ்பெறச் செய்த 4–2–4 என்ற அமைப்பையும் அவர் நம்மவர்களுக்குப் பழக்கினார்.

மாறாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு என்பது ஹெல்சிங்கி கற்பித்த பாடம்.

அம்முகுடாச் சிறுவன்

இப்போது எங்கள் பகுதிக்கு வருகிறேன். அம்முகுடாவின் மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்த பலராம் ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. மகன் பந்தாட்டத்தில் காலத்தைக் கழிப்பதைவிட ஒரு நல்ல வேலையில் அமர வேண்டும் என்பதே வீட்டாரின் கவலை. நம்மில் யார் வீட்டில்தான் இந்தக் கவலை இல்லை?

ரஹீம் சாகிப்பின் கண் அந்தச் சிறுவன்மேல் விழுந்தது. பயிற்சிக்கு வரச் சொன்னார். அம்முகுடாவிலிருந்து நகரத்துக்குப் பல கல் தொலைவு. நாள்தோறும் வந்து போகப் பையனிடம் காசு இல்லை. வாடகைச் சைக்கிளுக்காக நாளொன்றுக்கு ஒரு ரூபாய் தாமே கொடுத்து அவரை வரவழைத்தார் அந்த ஆசிரியர். அக்காலத்தில் ஒரு ரூபாய் ஓர் ஆசிரியருக்குச் சிறு தொகை அன்று. பையன் தேறுவானா மாட்டானா என்று யாருக்குத் தெரியும்? காலில் தெரிந்த திறமையை நம்பி அவர் துணிந்தார். 1956–57 இல் ஹைதராபாத் அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. இருபது வயதில் பலராம் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டார். அந்த ஒரு ரூபாயைவிட அதிகப் பலன் தந்த முதலீடு நம் நாட்டு விளையாட்டில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கராஜின் பாதை வேறு. தொடக்கத்தில் முன்னணியில் ஆடிக்கொண்டிருந்தவர் பின்னர் கோல் காவலர் ஆனார். நீலகிரியில் வெல்லிங்டனில் உள்ள சென்னை ரெஜிமென்டு மையத்தில் சேர்ந்து, 1955 இலும் 1958 இலும் டூரண்ட் கோப்பையை அந்த அணி வெல்லத் துணை நின்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், நீண்ட கைகள். அவர் கோலில் நின்றால் கோல் சிறுத்துவிட்டதாக எதிரிகளுக்குத் தோன்றும்.

மெல்போர்னும் ரோமும்

1956 ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக். ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதற் சுற்று ஆடாமலே கடந்தது. டிசம்பர் 1 ஆம் நாள் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த நாட்டிலேயே இந்தியா 4–2 என்று தோற்கடித்தது. நெவில் டிஸூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுவே முதல் முறை. ஒலிம்பிக் அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆசிய அணி என்ற பெருமையும் நமக்குக் கிடைத்தது. அந்த அணியில் அஜீஸுத்தீன், நூர் முகம்மது, ஜுல்பிகருத்தீன், அகமது ஹுசேன், பலராம் என்று ஹைதராபாத்தார் பலர் இருந்தனர்.

அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியா. இரண்டாம் பாதியில் டிஸூசா முதல் கோலை அடித்தார். நான்காண்டுகளுக்கு முன் பத்து கோல் வாங்கியவர்கள் இப்போது முன்னணியில் நின்றனர். ஆனால் சில நிமிடங்களுக்குள் எதிரிகள் சமன் செய்து, மேலும் மேலும் அடித்து 4–1 என்று வென்றுவிட்டனர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0 என்று தோல்வி. நான்காம் இடத்தோடு நம்மவர் திரும்பினர்.

முன்னணி கிடைத்தவுடன் கதவை அடைத்துக் காத்திருக்க வேண்டுமா, அல்லது வந்த வேகத்தோடு மேலும் முன்னேற வேண்டுமா என்பது பந்தாட்டத்தில் என்றும் தீராத வழக்கு. சரியான முடிவும் சில நேரம் தோற்கும். தவறான முடிவும் சில நேரம் வெல்லும். பலனை மட்டும் பார்த்து முடிவை எடை போடுவது அறிவுடைமை ஆகாது.

1960 இல் ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2–1, பெருவிடம் 3–1 என்று தோல்வி. பிரான்சுடன் 1–1 என்று சமன். பதக்கம் இல்லை. ஆனால் ஹெல்சிங்கியை நினைப்பவர்க்கு இந்த எண்களின் அருமை புரியும். அந்த மூன்று ஆட்டங்களில் இந்தியா அடித்த மூன்று கோல்களில் இரண்டு அம்முகுடாப் பலராமுடையவை. இந்திய அணி ஒலிம்பிக் கால்பந்தில் கலந்துகொண்டது அதன் பிறகு இல்லை.

ஜகார்த்தா

ரஹீம் சாகிப்பின் வாழ்க்கையின் உச்சி 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விழா. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4–1 என்று வென்றோம். ஆனால் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. பின்னணியின் தூண் என்று சொல்லத்தக்க ஜர்னெயில் சிங்கின் தலை உடைந்து ஆறு தையல்கள் போடப்பட்டன. ஜப்பானை 2–0 என்று வென்று அரையிறுதிக்குச் சென்றோம்.

இங்கேதான் அந்த நான்காவது முயற்சி வருகிறது. தலையில் கட்டோடு இருக்கும் ஜர்னெயிலை என்ன செய்வது? ஆடிக்கொண்டிருக்கும் போது ஒருவர் களைத்தாலோ காயப்பட்டாலோ வேறொருவரை இறக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. அவரை ஓய்வெடுக்கச் செய்தல் பாதுகாப்பான வழி; யாரும் குறை சொல்லமாட்டார்கள். வழக்கம்போல் பின்னணியில் நிறுத்துதல் இன்னொரு வழி. ரஹீம் சாகிப் மூன்றாவது ஒன்றைக் கண்டார். பின்னணி வீரரைச் சென்டர் பார்வர்டாக முன்னே அனுப்பினார்! பின்னணியின் நடுவிடத்தை அருண் கோஷ் ஏற்றார்.

பார்த்தவர்கள் இதைச் சூதாட்டம் என்று எண்ணியிருக்கலாம். நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். சூதாட்டமாக எனக்குத் தோன்றவில்லை. காயம்பட்டவன் நம் கோலின் முன்னே நின்று ஒரு முறை தயங்கினால் அது ஒரு கோல். அதே மனிதன் எதிரியின் கோலின் முன்னே நின்று பத்து முறை தவறினாலும் பந்து மட்டுமே போகும். அங்கிருந்து நம் கோலுக்கு நெடுந்தூரம். இழப்பு சிறிதாகவும் ஆதாயம் பெரிதாகவும் உள்ள இடத்தில் துணிவை வைத்தார் அவர். மேலும் ஜர்னெயில் இளமையில் முன்னணியில் ஆடிப் பழகியவர், உடல்வலிமை மிக்கவர். எதிரிகளோ அவரைப் பின்னணி வீரராக மட்டுமே அறிவர். வலியும் இடனும் ஒருசேர அறிந்த முடிவு அது. அரையிறுதியில் தென் வியட்நாமை 3–2 என்று வென்றோம். சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும், தலையில் கட்டோடு ஜர்னெயில் ஒரு கோலும் அடித்தனர்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4 ஆம் நாள். எதிரே, முதல் ஆட்டத்தில் நம்மை வீழ்த்திய அதே தென் கொரியா. ரஹீம் சாகிப் இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தங்கராஜ் காய்ச்சலில் படுத்ததால் பிரத்யுத் பர்மன் கோல் காத்து வந்தார், நன்றாகவே காத்தார். வென்றுவரும் அணியைக் கலைக்காதே என்பது உலக வழக்கு. ஆனால் உயரப் பந்துகளைத் தடுக்கத் தங்கராஜின் உயரம் வேண்டும் என்று பயிற்சியாளர் கருதினார். நோயிலிருந்து எழுந்தவரைக் கோலில் நிறுத்தினார். கோலுக்கு முன் தவறு நேர்ந்தால் மீட்சி இல்லை என்று சற்று முன் சொன்னேன். அந்த இடத்திலேயே மாறுதல் செய்தார் என்றால், எதிரியின் பலம் எங்கே விழும் என்பதை அவர் எவ்வளவு தெளிவாகக் கணக்கிட்டிருக்க வேண்டும்!

அன்றைய சூழ்நிலையும் சாதகமாக இல்லை. இஸ்ரேலையும் தைவானையும் விழாவில் சேர்க்காததை இந்தியரான ஸோந்தி என்ற ஒலிம்பிக் பிரமுகர் கண்டித்ததால் இந்தோனேசியாவில் இந்தியர்மேல் கடுஞ்சினம் மூண்டிருந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 1,00,000 பேர் நிறைந்த அரங்கம் நம்மவர்களை இகழ்ந்து கூச்சலிட்டது. அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவு கூர்ந்தனர்.

17 ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். 20 ஆம் நிமிடத்தில் இரண்டாவது கோல். அடித்தவர் யார்? ஆறு தையல் போட்ட ஜர்னெயில் சிங்! கொரியர்கள் ஒரு கோல் அடித்த போது ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்களே இருந்தன. தங்கராஜ் காத்தார், பின்னணி காத்தது. 2–1 என்று இந்தியா வென்று தங்கம் பெற்றது. அந்த அணியில் அம்முகுடாப் பலராமும் இருந்தார். கோலில் ஒரு தமிழர், முன்னணியில் ஒரு தமிழர், இருவரையும் களத்தில் இறக்கியவர் எங்கள் ஊர் ஆசிரியர்!

மறைவு

இந்த வெற்றியின் போதே காலம் அவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரலில் புற்றுநோய். ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய பின் படுக்கையில் விழுந்தார். தங்கம் வென்ற ஒன்பது மாதங்களில், 1963 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் நாள் அவர் மறைந்தார். வயது ஐம்பத்து மூன்று.

பலராமும் உடல்நலக் குறைவால் 1963 இலேயே ஆட்டத்தைவிட்டு விலக நேர்ந்தது. பின்னாளில் வங்காளத்தில் உத்தர்பாராவில் வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார். தங்கராஜ் 2008 இல் மறைந்தார். ரஹீம் சாகிப்பின் மகன் ஸையத் ஷாகித் ஹக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்று, பின்னர் சர்வதேச நடுவராகவும் பயிற்சியாளராகவும் விளங்கினார். அவரும் 2021 இல் காலமானார். ரஹீம் சாகிப்பின் கதை 2024 இல் மைதான் என்ற இந்தித் திரைப்படமாக வெளிவந்தது. அவருடைய பெயரை நம் தலைமுறையில் பலர் கேட்டது அதன் வழியாகத்தான்.

1962 க்குப் பின் ஆசிய விழாவில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிட்டவில்லை. 1970 இல் ஒரு வெண்கலம் கிடைத்ததோடு சரி. அல்வாலிலும் அம்முகுடாவிலும் நான் கண்ட மைதானங்கள் பல இன்று வீடுகளாகிவிட்டன. எஞ்சியவற்றில் சிறுவர்கள் கிரிக்கெட் மட்டையோடு நிற்கின்றனர். பலராம் பிறந்த ஊரில் பலராம் யார் என்று கேட்டால் விழிக்கும் சிறுவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிழை அவர்களுடையது அன்று. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

நமக்கு என்ன?

மாணவ நண்பர்களே! பந்தாட்டம் ஆடாத நமக்கு இந்த வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் ஒவ்வொருவர் முன்னும் அந்த நான்காவது முயற்சி வந்துகொண்டேதான் இருக்கிறது. விரும்பாத பாடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதா, விட்டு வேறு வழி செல்வதா? கைக்கு வந்த சிறு வேலையை ஏற்பதா, மேற்படிப்புக்குத் துணிவதா? பலமுறை நாம் பந்தை உதைத்துத் தொலைத்துவிட்டு, அதற்கு அடக்கம் என்றும் விவேகம் என்றும் பெயர் சூட்டுகிறோம். சில நேரம் அது உண்மையிலேயே விவேகம்தான். நம் கோலின் வாசலில் நின்றுகொண்டு சூதாடுவது வீரம் ஆகாது. எந்த இடத்தில் நிற்கிறோம், எவ்வளவு காலம் உண்டு, நம் காலில் பழக்கம் உண்டா என்று கேட்ட பிறகு எடுக்கும் முடிவு எதுவாயினும் அது மதிப்புக்குரியது. ஊர் என்ன சொல்லும் என்று மட்டும் கேட்டு எடுக்கும் முடிவு, வென்றாலும் நம்முடையது அன்று.

ஊர் சொல்வதை ரஹீம் சாகிப் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் கணக்கிட்டது மற்றவற்றை. அந்தக் கணக்கு ஒரு நாளில் வந்ததன்று. இடது காலால் ஆடும் சிறுவர்களை மாலைதோறும் பொறுமையோடு பார்த்துக்கொண்டு நின்ற ஆண்டுகளில் வந்தது.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் நடத்துகிறது, மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் நாளை ஒட்டி, அல்வால், அம்முகுடாப் பகுதிப் பள்ளிச் சிறுவர்களுக்கு ஒரு கால்பந்துப் பந்தயமும் நடத்துவோம். விதி ரஹீம் சாகிப்பின் விதி: பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டும். பந்துக்கும் கோப்பைக்கும் ஆகும் செலவு பெரிதன்று. தொலைவிலிருந்து வரும் சிறுவனுக்கு வழிச்செலவையும் நாமே கொடுத்துவிடுவோம். அந்தக் கணக்கில் முதல் தொகையாக என் பங்கை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.